புரட்டாசியில் நாலு முட்டை

புரட்டாசி முடிந்துவிட்டது. இனி முட்டையைப் பற்றித் தைரியமாக எழுதலாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்பத்தூரில் ரயில் ஏறித் திருநின்றவூருக்குப் போனேன். மடியில் அகலமான ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே ஒரு கேக். நானே செய்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர். ஆவடி தாண்டும்வரை "ஆட்டாத... ஆட்டாத..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னைச் சொன்னாரா, ரயிலைச் சொன்னாரா, தெரியவில்லை.

கேக்கா, நீங்களா என்று கேட்பீர்கள். நியாயம்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ரசப்பொடியும் ரேஷன் வரிசையும் எழுதுகிறவள் நான். சொல்கிறேன்.

எங்கள் மாடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு இளம் தம்பதி குடியிருந்தார்கள். காலி பண்ணிக்கொண்டு போகும்போது ஒரு ஓவனைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, "ஆன்ட்டி, இத நீங்க வெச்சுக்கோங்க" என்றாள் அந்தப் பெண். எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. வேண்டும் என்று சொல்லவும் வராது. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஓவன் உள்ளே வந்துவிட்டது.

ஒரு வருடம் அது எங்கள் வீட்டில் அலமாரியாக இருந்தது. உள்ளே வடாம் டப்பா, பழைய கரண்ட் பில், ரப்பர் பேண்ட். மேலே ஒரு பூப்போட்ட துண்டு. நம் வீட்டில் எந்தச் சாமானைத்தான் சும்மா நிற்க விடுகிறோம்?

பிறகு ஆடியில் ஒரு மத்தியானம், போனில் எதையோ பார்க்கப்போய், ஒரு பெண் கேக் செய்வதைப் பார்த்தேன். அது முடிந்ததும் இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஆனால் அந்தப் பெண் செய்வதைப் பார்க்க எழுத்து எதற்கு? கண் போதும். எழுந்து போய், துண்டை எடுத்துவிட்டு, ஓவனைப் போட்டேன்.

நான் முதன்முதலில் பேக் செய்தது வடாம் டப்பாவின் பிளாஸ்டிக் மூடி.

இரண்டாவது நாள் உள்ளே ஒன்றும் இல்லை என்று கையை விட்டுத் துழாவிப் பார்த்தபிறகே ஆரம்பித்தேன். அந்தப் பெண் "ஒரு கப்" என்றாள். எந்தக் கப்? எங்கள் வீட்டில் இருப்பது டம்ளர். பெரிய டம்ளர், சின்ன டம்ளர், அவருக்கு மட்டும் காபி கொடுக்கிற டம்ளர். மைதாவைப் பெரியதில் அளந்தேன், சர்க்கரையைச் சின்னதில், எண்ணெயை அவர் டம்ளரில். வெளியே வந்ததை அவர் விரலால் தட்டிப் பார்த்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்து மூன்று வருடம் லேத்தில் நின்றவர்.

"இத லேத்துல மாட்டிக் கடையலாம், பவுனு. நல்ல மெட்டீரியல்" என்றார்.

அடுத்த தடவை செய்ததை உங்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மாவை எல்லாம் சேர்த்துக் கலந்துவிட்டேன். மைதா, சர்க்கரை, முட்டை, பால், பேக்கிங் பவுடர்... "நல்லா பொங்கி வரும்" என்று போனில் சொன்னாளா? சரி, பொங்கட்டும் என்று பெரிய பாத்திரத்தில் ஊற்றி, மூடி போட்டு, கீழே ஒரு தட்டும் வைத்து, காலைவரை விட்டுவிட்டேன். நாற்பது வருடமாக இட்லி மாவு கரைத்த கைக்கு வேறு என்ன தெரியும்? கையால்தான் கலந்தேன். கை ராசி, மாவு நன்றாகப் புளிக்கும் என்பார்கள்.

புளித்தது. விடிந்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "இன்னா பவுனு, சமையல் ரூம்ல எலி கிலி செத்துப் போச்சா?" என்றார்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இட்லி மாவென்றால் காத்திருக்க வேண்டும். கேக் மாவென்றால் காத்திருக்கவே கூடாது. கலந்த உடனே உள்ளே போய்விட வேண்டும். எல்லா மாவையும் ஒரே மாதிரி நடத்தினால் ஏதோ ஒரு மாவு நம்மைக் கேவலப்படுத்தும்.

அதற்கப்புறம் கதவைத் திறந்து பார்க்கிற பழக்கம். சாதம் வெந்ததா, குழம்பு கொதித்ததா என்று மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்த கை சும்மா இருக்குமா? ஓவன் கதவை நாலு தரம் திறந்தேன். நடுவில் பொதுக்கென்று இறங்கிவிட்டது. "யாரு உக்காந்தது இதுமேல?" என்று கேட்டார். அந்தக் கேக்கையும் அவர்தான் சாப்பிட்டு முடித்தார். அதையும் சொல்ல வேண்டும், இல்லையா?

ஆவணி கடைசியில் ஒரு கேக் சரியாக வந்தது. மேலே பொன்னிறம், உள்ளே பஞ்சு. நாலு முட்டை போட்டது. யாரிடமும் நான் சொல்லவில்லை. அவர் சொல்லிவிட்டார் — தன் அக்காவிடம்.

அவருடைய அக்கா தெய்வானை. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். திருநின்றவூரில் மகன் வீட்டில் இருக்கிறார். எழுபது தாண்டியாயிற்று. எனக்குக் கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடம். இந்த நாற்பத்திரண்டு வருடத்தில் நான் அண்ணியை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மரியாதை பாதி, பயம் பாதி. புதுசாக வந்தபோது நான் வைத்த சாம்பாரை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல கையக் கழுவலாம், துன்ன முடியாது" என்றவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

கேக் விஷயம் தெரிந்ததும் போன் வந்தது.

"இன்னாமே, அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு கேக்கு சுடறியாமே?"

"சும்மா... பொழுது போவலண்ணி."

"பொழுது போவலன்னா தூங்கு. கரண்ட் பில்லு எவன் கட்டறது?"

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அடுத்த போன் புரட்டாசியில் வந்தது. இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. அண்ணிக்குக் கர்ப்பப்பையில் கோளாறு, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஆபரேஷன். அது எங்களுக்கு முன்பே தெரியும். தெரியாதது வேறு.

"ஆஸ்பத்திரில ஆதார் கார்டப் பாத்துட்டு அந்த நர்சுப் பொண்ணு சொல்லுச்சு, பாட்டிம்மா, வர்ற வெள்ளிக்கெழம உங்களுக்குப் பொறந்தநாளுன்னு. எனக்குப் போயி பொறந்தநாளாம்."

எங்கள் வயதுக்காரர்களுக்குப் பிறந்தநாள் ஏது? ஆதார் எடுக்கிற இடத்தில் யாரோ ஒரு தேதியைப் போட்டார்கள். அது நிலைத்துவிட்டது.

"பவுனு... ஒரு கேக்கு கொண்டாறியா? இந்த வயசு வரிக்கும் வெட்டுனதில்ல. ஒரு தபா வெட்டிப் பாத்துர்றேன். திங்கக்கெழம இன்னா ஆவுதோ, யாரு கண்டா."

"அப்டில்லாம் பேசாதீங்க அண்ணி."

"கடைல வாங்கிறாத. இன்னாத்தப் போட்டுச் செய்றானுங்களோ. நீ செஞ்சா சுத்தமா இருக்கும். யாருக்கும் சொல்லாத, இன்னா?"

சரி அண்ணி என்றேன். எனக்கு வருகிற ஒரே பதில் அதுதானே.

இங்கேதான் நான் செய்த தப்பு. புரட்டாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் கறி, மீன், முட்டை கிடையாது, பெருமாள் மாதம். ஆனால் வீட்டுக்கு வீடு வித்தியாசம். சிலர் மாதம் முழுக்க இருப்பார்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை மட்டும். அதனால் வியாழக்கிழமை நாலு முட்டையை உடைத்து ஊற்றியபோது என் கைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கதவையும் திறக்கவில்லை. கேக் அத்தனை அழகாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் புத்தி எங்கே போயிற்றோ.

திருநின்றவூரில் வீட்டுக்குள் நுழைந்ததும் துளசி வாசனை. சுவரில் பெருமாள் படத்துக்குப் பெரிய மாலை. அண்ணி நெற்றியில் நாமம், உடம்பில் புதுச்சேலை. யாருக்கும் சொல்லாதே என்றவர், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். மருமகள் லதா மெழுகுவர்த்தி, கத்தி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

டப்பாவைத் திறந்தேன். அண்ணி குனிந்து முகர்ந்து பார்த்தார். குறை சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். லதா பின்னாலேயே வந்தாள்.

"அத்த ஒரு வேளதான் சாப்புடறாங்க, சித்தி. வெங்காயம்கூட இல்ல. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சா போதும்னு பெருமாளுக்கு வேண்டிகினு கீறாங்க. இந்த வருசம் ஒரு நாளுகூட விரதம் தப்பக் கூடாதுன்னு. நாங்கல்லாம்கூட வாயக் கட்டிகினு கெடக்கோம்."

டம்ளரை அப்படியே மேடையில் வைத்துவிட்டேன்.

கடையில் வாங்குகிறவரை கேக் என்றால் கேக்தான். வெள்ளையாக, கறுப்பாக, ரோஜாப்பூ வைத்து... அதில் முட்டை இருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? புரட்டாசியில் பிரியாணிக் கடைப் பக்கம் தலை திருப்பாதவர்கள், பேக்கரியில் நின்று கேக் சாப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். நானும் சாப்பிட்டவள்தான். உடைத்து ஊற்றியவன் எங்கேயோ இருந்தான். நமக்குத் தெரியாது, நமக்குப் பாவம் இல்லை. நாமே செய்யக் கற்றுக்கொண்டால் அந்தச் சௌகரியம் போய்விடுகிறது.

வீட்டுக்காரரைப் பின்கட்டுப் பக்கம் கூப்பிட்டேன்.

"இன்னாங்க, கேக்குல முட்ட கீது."

"கீது. அதுக்கு?"

"அண்ணி மாசம் பூரா விரதமாம். வேண்டுதலாம்."

"கம்முனு இரு. பேக்கரி கேக்கு துன்னுதுல்ல அக்கா? அதுல இல்லாத முட்டயா?"

"அது தெரியாம துன்னது."

"இதுவும் தெரியாமதான் துன்னப்போவுது."

"எனக்குத் தெரியுதே."

"நல்ல நேரத்துல அபசகுனமா வாய வெக்காத, பவுனு. மூணு நாள்ல ஆபரேசன். ஆசப்பட்டுக் கேட்டுது, வெட்டட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆசையைச் சொல்லி, புதுச்சேலை கட்டி, ஆட்களையும் கூப்பிட்டு வைத்திருக்கிறார். கத்தியை எடுக்கும்போது தடுத்தால்? அதுவும் ஆபரேஷனுக்குப் போகிறவரை? சொல்லாமல் விட்டுவிட்டு, திங்கட்கிழமை ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அந்த நாலு முட்டையையும் நான் சாகும்வரை தூக்கிச் சுமக்க வேண்டும். பெருமாள் இதையெல்லாம் கணக்கில் எடுப்பாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணி எடுப்பார். அது போதாதா?

கூடத்துக்கு வந்தால் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. "ஊதுங்க அத்த" என்றாள் லதா.

"வெளக்க வாயால ஊதி அணைக்கிறதா? திங்கக்கெழம ஆபரேசன வெச்சிகினு? அது பாட்டுக்கு எரியட்டும்" என்றார் அண்ணி. அது பாட்டுக்கு எரிந்தது. மெழுகு கேக்கின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி கத்தியைக் கையில் எடுத்து, எங்கே வெட்டுவது என்று இடம் பார்த்தார்.

தெருவில் போகிற காய்க்காரனைக் குரல் கொடுத்துக் கூப்பிடக்கூட எனக்குக் கூச்சம். ஆனால் அன்றைக்கு வந்த சத்தம் யாருடையது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணி, வெட்டாதீங்க. அதுல முட்ட போட்டிருக்கேன். நாலு."

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"கேக்குல முட்டயா?" என்றார் அண்ணி.

"ஆமாண்ணி. போடாமயும் செய்யலாமாம். எனக்கு அது தெரியாது. உங்க விரதம் மாசம் பூரான்னு நெனச்சுப் பாக்கல. தப்பு என்னுதுதான்."

கத்தி அப்படியே அந்தரத்தில் நின்றது. என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக லதா பக்கம் திரும்பினார்.

"போன வருசம் புரட்டாசில உன் பையன் பொறந்தநாளுக்குக் கறுப்பா ஒரு கேக்கு வாங்கினியே. அதுல?"

லதா சேலைத் தலைப்பைப் பார்த்தாள். "அதுலயும் இருக்கும், அத்த."

"அதுக்கு முந்தின வருசம்?"

"அதுலயும்..."

"ஏன்டி, எனக்குச் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

"ரெண்டு துண்டு துன்னேன்டி நான். விரல்ல ஒட்டுனத வழிச்சி வேற துன்னேன்." பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? பாத்துகினுதான இருந்த?" என்று பெருமாளைக் கேட்டார்.

பெருமாள் பதில் சொல்லவில்லை. அவரும் என்னை மாதிரிதான் போலிருக்கிறது.

அதற்குள் மெழுகுவர்த்தி கேக்குக்குள் பாதி இறங்கியிருந்தது. அண்ணி கத்தியைத் தம்பி கையில் கொடுத்தார். "நீ வெட்டுடா. நீ சனிக்கெழமக்காரன்தான, இன்னிக்கு ஒண்ணுமில்ல உனுக்கு. அவங்களுக்கும் குடு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பிட்டார்கள். இவர் சாப்பிட்டார். லதா வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்டி கீது? மெத்துனு கீதா? இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோ." தான் செய்த பலகாரம் மாதிரி உபசாரம்.

எனக்கு ஒரு துண்டு நீட்டினார்கள். இறங்கவில்லை. ஆசையாகக் கேட்டவருக்கு இல்லாமல், கேட்காதவர்கள் எல்லாரும் தின்கிறார்கள். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. கனமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அண்ணி என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். கட்டில்மேல் அவருடைய சேலைகள் அடுக்கியிருந்தன. இது லதாவுக்கு, இது மகளுக்கு, இது வீட்டு வேலை செய்கிறவளுக்கு என்று பிரித்து வைத்திருந்தார். எனக்கும் ஒன்று, மாம்பழ நிறம். அதைப் பார்த்ததும்தான், இவர் எந்த நினைப்பில் கேக் கேட்டார் என்பது எனக்கு முழுசாக விளங்கியது.

"திட்டுங்கண்ணி" என்றேன். "திட்டிட்டா போய்டுவேன்."

"இன்னாத்துக்குத் திட்டறது? இம்மாம் பேர் இந்த ஊட்ல கீறானுங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல." சுவரில் தொங்கிய நாள்காட்டியிடம் போனார். தினம் ஒரு தாள் கிழிப்போமே, அது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று புரட்டிக்கொண்டே போனார். கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. "ஐப்பசி ஒண்ணு எதுன்னு பாரு" என்றார்.

தேதியைப் பார்த்துத் தாளைப் பிடித்துக் காட்டினேன். அந்தத் தாளின் முனையை மட்டும் மடித்துவிட்டார்.

"அன்னிக்கு இன்னொண்ணு செஞ்சி எடுத்துகினு வா. முட்ட போட்டே செய்."

மாம்பழ நிறச் சேலையை நான் எடுக்கவில்லை. "அப்பொறம் வாங்கிக்கிறேன் அண்ணி" என்றேன். அதைத் திரும்ப பீரோவில் வைத்தார். மற்றதையும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. இரண்டரை மணி நேரம். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் நாலு தரம் டீ குடித்தார். நன்றாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது, என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார். விரதமும் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் சத்துக்கு முட்டை கொடுத்தபோது, அந்த நர்ஸ் பெண்ணிடம் "ஐப்பசி வரட்டும்" என்றாராம்.

ஐப்பசி ஒன்றாம் தேதி, அதே ரயில், அதே டப்பா. டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தோம். அண்ணி கொஞ்சம் இளைத்திருந்தார், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தானே வெட்டினார். ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டு எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். வீட்டில் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முட்ட வாசன அடிக்குதுமே" என்றார்.

நாற்பத்திரண்டு வருடப் பழக்கப்படி நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும்.

"அப்ப குடுங்கண்ணி, எடுத்துகினு போயிடறேன்" என்று கையை நீட்டினேன்.

அண்ணி தட்டைச் சட்டென்று சுவர்ப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.